மூடி சொன்ன சாட்சி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்; அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள். இன்று ஒரு பாட்டில் மூடியின் கதை சொல்லப்போகிறேன். வாயில்லாத அந்த மூடி, வாயுள்ள ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்றது. படித்தவர்கள் எல்லாரும் மூடியைத்தான் நம்பினார்கள். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும். சில கதைகளுக்குக் கோபப்படுவதுதான் மரியாதை.

புனேயில் கோர்ப்படியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் கரோலின். இருபத்தாறு வயதில் குவைத்துக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு வருஷம் உதவியாளராக இருந்தாள். அரபியை அவள் புத்தகம் வைத்துக் கற்கவில்லை. கட்டிலோரம் நின்று கற்றாள். தண்ணீர் கேட்கிற அரபி, மகனைத் தேடுகிற அரபி, இனி பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தவர்களின் அரபி. ஊர் திரும்பியதும் அந்த மொழிதான் அவளுக்குச் சோறு போட்டது. ஏமன், சூடான், ஈராக் என்று எத்தனையோ தேசத்து மக்கள் படிக்கவும் பிழைக்கவும் இந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி அவளை மொழிபெயர்ப்பாளராக வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்தது. அரபி பேசுகிற முடக்குவாத நோயாளிகள் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்களா என்று அளக்கிற ஆராய்ச்சி. முடக்குவாதம் தெரியும்தானே? மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலையில் கை விறைத்த கட்டையாகிவிடும் நோய். அறுபது பேரைச் சேர்த்தார்கள். தினம் ஒரு மாத்திரை, இருபத்துநான்கு வாரம். நூற்றுக்கு எண்பது நாள் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குப் புது ஊசி இலவசம். நோய் விரலைத் தின்பதை நிறுத்துகிற ஊசி அது. ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு இல்லை.

அளப்பதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, கேள்வித்தாள். இன்னொன்று மாத்திரை பாட்டிலின் மூடி. அதற்குள் ஒரு மின்னணுச் சில்லு இருந்தது. மூடியை எப்போது திறந்தாலும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஒரு தடவை திறந்தால் ஒரு மாத்திரை சாப்பிட்டதாகக் கணக்கு. இந்தச் சங்கதியை நோயாளிகளிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

“சொன்னா நடிப்பாங்க கரோலின்ஜி. சும்மா சும்மா திறந்து மூடுவாங்க,” என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் தினேஷ். புனேயிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர். கெட்டவர்களைவிட அவசரக்காரர்கள் செய்த கேடு உலகத்தில் அதிகம்.

அறுபது பேரில் ஒருத்தி நஜ்வா. ஏமனில் தாயிஸ் என்ற ஊரில் இருபத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். சண்டையில் பள்ளிக்கூடம் போயிற்று, புருஷனும் போனான். மகன் ஹானிக்குப் புனே ஓரத்தில் ஹிஞ்சேவாடியில் அரபி பேசும் கால் சென்டரில் வேலை கிடைத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். கோர்ப்படியில் ஆரோக்கியமணி அக்காவின் மாடியை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தவள் கரோலின்தான்.

முதல் நாள் கேள்வித்தாளை நிரப்பும்போது வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். கரோலின் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது கேள்வி: மருந்தைத் திறந்து எடுப்பதில் சிரமம் இருக்கிறதா?

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் நஜ்வா. இறைவனுக்கே புகழ்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கால் ஒடிந்து கிடப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் அவர்கள் இதைத்தான் சொல்வார்கள். அந்நியர் முன்னால் வலியைச் சொன்னால் படைத்தவன்மேல் புகார் சொன்னதுபோல் ஆகிவிடும் என்ற அடக்கம். குவைத்தில் வயதான ஒரு நர்ஸ் கரோலினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: இவர்களை மூன்று தடவை கேட்கணும். முதல் தடவை கடவுளைப் புகழ்வார்கள். இரண்டாவது தடவை உன்னைப் புகழ்வார்கள். மூன்றாவது தடவைதான் வலி வெளியே வரும்.

பதினெட்டு வருஷமும் கரோலின் மூன்று தடவைதான் கேட்டாள். அன்றைக்கு ஒரு தடவை கேட்டாள். “சிரமம் இல்லை” என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இருபத்துநான்கு வாரம் முடிந்தது. ஒரு புதன்கிழமை டாக்டர் தினேஷ் அவளைக் கூப்பிட்டு மானிட்டரைத் திருப்பிக் காட்டினார்.

“உங்க நஜ்வா மேடம். தாள்ல ‘ஒரு நாளும் தவறினதில்லை’. மூடியில பாருங்க. நூத்தி அறுபத்தெட்டு நாள்ல இருபத்துநாலு தடவை. பதினாலு பர்சென்ட்! பேஷண்டா இது, நேதாவா? ஓட்டு கேட்க வர்றவங்ககூட இவ்ளோ புளுக மாட்டாங்க.”

“மாத்திரை மிச்சம் இருந்துச்சா டாக்டர்? நாலு வாரத்துக்கு ஒருதரம் இருபத்தெட்டு குடுத்தோம். ஒவ்வொரு தரமும் காலி பாட்டில்தான கொண்டுவந்தாங்க?”

“குப்பையில போட்டிருப்பாங்க. அவங்க ஜனங்களே அப்படித்தான். நான் பேப்பர்ல அதைத்தான் எழுதப்போறேன். சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. ஏற்கெனவே ஒம்போது பேரை எடுத்தாச்சு. இவங்களையும் எடுத்துடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி லிஸ்ட் மேல போகுது.”

“பொய் சொல்ற ஆள் இல்ல அவங்க.”

“மூடிக்குப் பொய் சொல்லத் தெரியாது கரோலின்ஜி. மனுஷங்களுக்குத் தெரியும்.”

கேட்டீர்களா கண்ணுகளா? ஊரைவிட்டு ஓடி வந்தும் மானத்தை விடாத ஒரு டீச்சரைப் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே வைத்தார்கள். அதையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லச் சொன்னார்கள், அவள் பாஷையில், கரோலினின் வாயால்.

நஜ்வா உள்ளே வந்து உட்கார்ந்தாள். கறுப்பு அபாயா அங்கியின் கைக்குள் விரல்களை ஒளித்து வைத்திருந்தாள்.

“இவங்க மருந்து சாப்பிடலைன்னு எங்களுக்குத் தெரியும், பொய் சொன்னாங்கன்னு சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

கரோலின் வாயைத் திறந்தாள். பொய் என்ற சொல்லை அவள் தொடவில்லை. “ஊசிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்கிறார். நீங்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நினைக்கிறார்,” என்று மட்டும் அரபியில் சொன்னாள்.

நஜ்வா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

“எப்படித் தெரிந்ததாம்?”

கரோலின் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை ஆட்டினார், சொல்லாதே.

“சொல்லக்கூடாது என்கிறார்.”

“என் வகுப்பில் விடையை மட்டும் பார்த்து நான் மார்க் போட்டதில்லை, கரோலின். எந்த வழியில் போட்டாய் என்று பிள்ளையைக் கேட்பேன். இவர் என்னிடம் வழியைக் கேட்டாரா?”

“என்ன சொல்றாங்க?” என்றார் டாக்டர்.

“நீங்க நல்ல வாத்தியார்கிட்ட படிக்கலைங்கிறாங்க,” என்றாள் கரோலின். அது மொழிபெயர்ப்பா, அவளுடைய சொந்தச் சரக்கா என்று டாக்டர் யோசித்து முடிப்பதற்குள் இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

அன்று மாலை கரோலின் அந்த இருபத்துநான்கு பதிவுகளையும் அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் விரித்துப் பார்த்தாள். ஞாயிறு 10:42. ஞாயிறு 10:38. ஞாயிறு 10:45. இருபத்துமூன்று ஞாயிறு, ஒரே ஒரு திங்கள். மருந்தை ஏமாற்றுகிறவள் வாரம் தவறாமல் ஒரே நேரத்தில் ஏமாற்றுவாளா? அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நஜ்வாவுக்கு விசேஷ நாள் வெள்ளி. ஞாயிறு பத்தரை மணிக்கு இந்த உலகத்தில் என்ன முடிகிறது?

கோர்ப்படிக் கோவிலில் தமிழ்ப் பூசை முடிகிறது.

கரோலின் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியமணி அக்காவின் பின்னாலேயே போனாள். அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் வேலை பார்த்த புருஷனோடு தூத்துக்குடியிலிருந்து வந்து நாற்பது வருஷமாகிவிட்டது. ஊர்ப் பேச்சு மாறவில்லை.

“என்னட்டி கரோலின், வால் மாதிரி பின்னாலேயே வாற? காபியா வேணும்?”

“மாடிக்கு வாறேன்க்கா. நஜ்வாவப் பாக்கணும்.”

“வா, வா. நானும் அங்கதான் போறேன். ஞாயித்துக்கிழம எனக்கு அங்க டூட்டி.”

மேலே கதவு திறந்தே இருந்தது. “உம்மு நார்மன்!” என்று நஜ்வா சிரித்தாள். மகன் பேரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். அக்காவின் மகன் நார்மன் மஸ்கட்டில் இருக்கிறான்.

“பாத்தியா, எனக்கு ஞானஸ்நானப் பேரையே மாத்திட்டா,” என்று சொல்லிக்கொண்டே அக்கா ஜன்னலோரம் இருந்த பாட்டிலை எடுத்தாள். ஆராய்ச்சி முடிந்தும் மருந்து நிற்கவில்லை; பாட்டிலும் அதே மாதிரிதான். உள்ளங்கையால் அமுக்கி, பல்லைக் கடித்து, திருகினாள். மூடி திறந்தது. பிறகு மேசையிலிருந்த எவர்சில்வர் மசாலா டப்பாவை இழுத்தாள். அதற்குள்ளே ஏழு கிண்ணம். மஞ்சளும் மிளகாயும் இருக்கவேண்டிய இடத்தில் கிண்ணத்துக்கு ஒன்றாக ஏழு மாத்திரையைப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் “ஞாயிறு, திங்கள்” என்று தமிழில் உரக்கச் சொன்னாள். “அல்அஹத், அல்இத்னைன்,” என்று நஜ்வா அரபியில் கூடவே சொன்னாள். டப்பாவின் மூடி லேசானது. முழங்கையால் தள்ளினாலே போதும்.

கரோலின் பையிலிருந்த அச்சுத் தாளை எடுத்துத் தரையில் விரித்தாள்.

“எத்தன நாளாக்கா இது?”

“மொத வாரத்துலருந்து. காலையில மேல ஏதோ உருளுற சத்தம். வந்து பாத்தா, இவ அந்தச் சனியன் பாட்டில கதவிடுக்குல வச்சு நெருக்கிட்டு இருக்கா. கண்ணுல தண்ணி. ஹானி விடியுமுன்ன கம்பெனி கேப்புல போயிருவான். அவங்கிட்டச் சொன்னா வேலைய விட்டுட்டு நிப்பான்னு சொல்லவும் மாட்டா. நானும் தினமும் மாடி ஏற முடியுமா? என் முழங்கால் என்ன ரயிலா? அதான் வாரத்துக்கு ஒருதரம் தெறந்து இதுல போட்டுட்டுப் போறேன். புது டப்பா, மசாலா வாசம்கூட இல்ல, மோந்து பாரு.”

“ஒரே ஒரு திங்கக்கிழம?”

“அதுக்கு மொத நாள் ஔரங்காபாத்ல பேத்திக்கு ஞானஸ்நானம். முந்துன வாரமே ஒண்ணு கூடப் போட்டு வச்சிட்டுப் போனேன். ஏன், அதுக்கும் பொலீசு வந்துருக்கா?”

கரோலின் நஜ்வாவின் பக்கம் திரும்பினாள். அரபியில் கேட்டாள்: “மருந்தைத் திறந்து எடுப்பதில் சிரமம் இருக்கிறதா?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“சிரமம் இருக்கிறதா, நஜ்வா?”

“நீ நல்லவள். இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாய்.”

“சிரமம் இருக்கிறதா?”

நஜ்வா அபாயாவுக்குள்ளிருந்து கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல்கள் காற்றில் சாய்ந்த கோரைபோல் ஒரே பக்கம் கிடந்தன. “காலையில் என் தலைமுடியைக்கூட என்னால் முடிய முடியாது,” என்றாள். “அந்தப் பாட்டிலை ஒரு நாளும் நான் திறந்ததில்லை.”

திங்கட்கிழமை காலை ஆராய்ச்சி அறையில் மூன்று பேர் நின்றார்கள்: கரோலின், ஆரோக்கியமணி அக்கா, மூன்றாவது ஆளாக அக்கா இடுப்பில் மசாலா டப்பா. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். முகம் கொஞ்சம் வெளிறியது. பிறகு சரியாகிவிட்டது.

“ஆன்ட்டி, பாட்டிலைத் தொட உங்களுக்கு யார் பர்மிஷன் குடுத்தது?”

“யாரும் குடுக்கல. அவ கையப் பாத்தேன், தொட்டேன்.”

“எங்க ஸ்டடியே கெட்டுப்போச்சு உங்களால.”

“ஏ ராசா, கைய மொடக்குற நோய்க்கு, கை நல்லாருக்கிறவன் மட்டும் தெறக்குற பாட்டிலக் குடுத்தது நீ. கெடுத்தது நானா?”

“அது சின்னப் பசங்க திறக்கக்கூடாதுன்னு வெச்ச மூடி, ஆன்ட்டி. சேஃப்டி.”

“பசங்க தெறந்துருவானுவ. என் பேரன் செகண்டுல தெறந்துட்டான். இவளுக்குத்தான் தெறக்கல.”

கரோலின் குறுக்கே வந்தாள். “டாக்டர், இந்த மூடியை வாங்குறதுக்கு முன்னாடி யாரை வெச்சு திறந்து பார்த்தீங்க?”

“எங்க இன்டர்ன்ஸ்.”

“அவங்களுக்கு முடக்குவாதமா?”

டாக்டர் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். 

“பாருங்க, எனக்குப் புரியுது,” என்றார் கடைசியில், கொஞ்சம் தணிந்த குரலில். “ஆனா ப்ரோட்டோகால்ல மூடியோட நம்பர்தான் முடிவு. நடுவுல மாத்தினா ஆறு மாசம் வேஸ்ட். அதுவுமில்லாம உங்க தாளைப் பாருங்க. ‘சிரமம் இல்லை’ன்னு டிக் போட்டது நீங்க. உங்க கையெழுத்துதான்.”

அது உண்மை. இந்த இடத்தில் நான் கரோலினுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. வரிசை நீளமாக இருந்தது என்று அவளும் சொல்லவில்லை. வெளியே வந்து, அக்காவை ஆட்டோ ஏற்றிவிட்டு, திரும்ப உள்ளே போனாள்.

செவ்வாய், புதன், வியாழன். ஆராய்ச்சி நோயாளிகளில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை அங்கேயே பிடித்தாள். வராதவர்களை, அரபிக் குடும்பங்கள் அதிகம் குடியிருக்கிற கோண்ட்வாவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்து, “திறந்து காட்டுங்கள்,” என்றாள். சூடானிலிருந்து வந்த ஒரு பெரியவர் பல்லால் கடித்தார். ஈராக்கைச் சேர்ந்த ஒரு பெண், மூடியைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு வாயில் துணி கட்டி வைத்திருந்தாள்; அவள் கணக்கில் நூற்றுக்கு இரண்டு. ஒருவர் வீட்டில் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா தினம் ஒரு தடவை வந்து திறந்து, ஒன்று கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்ப்பாளாம். அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, பட்டியலில் முதல் பெயர். நாற்பத்தேழு பேரைப் பார்க்க முடிந்தது. தாங்களே திறந்தவர்கள் பதினான்கு பேர்.

பதினான்கு பேர், கண்ணுகளா! மற்றவர்கள் மருந்து சாப்பிட்டார்களா இல்லையா என்று அந்த மூடிக்கு எப்படித் தெரியும்? யார் வீட்டில் யாருக்குக் கை நன்றாக இருக்கிறது என்பதை ஆறு மாதம் எண்ணி, அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

வியாழன் மாலை கரோலின் எல்லாவற்றையும் எழுதினாள். முதல் வரியில் தன் தவற்றை எழுதினாள்: பன்னிரண்டாவது கேள்வியை நான் யாரிடமும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை, நான் போட்ட டிக் எதையும் நம்பவேண்டாம். அடியில் நாற்பத்தேழு பெயர். ஆராய்ச்சிகளை மேற்பார்க்கிற குழு ஒன்று ஆஸ்பத்திரியில் உண்டு. அதன் தலைவர் கோவிந்தராஜன் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மருத்துவர் இல்லை. அவர் கையிலேயே கொடுத்தாள், ஒரு பாட்டிலோடு.

அவர் படித்தார். பாட்டிலை எடுத்து அமுக்கினார், திருகினார். எழுபது வயதுக் கை. மூன்றாவது முயற்சியில் மேசைமேல் வைத்துவிட்டார்.

“இது தெரிஞ்சும் லிஸ்ட் நாளைக்குப் போறதா?” என்றார்.

“போகுது சார்.”

“உங்க ஒப்பந்தம் எப்போ முடியறது?”

“மார்ச்சில.”

“இதுல கையெழுத்துப் போட்டா புதுப்பிக்க மாட்டா. தெரியுமோ?”

“தெரியும் சார். பேனா இருக்கா?”

வெள்ளிக்கிழமை பட்டியல் போகவில்லை. மூடியின் எண்ணை வைத்து யாரையும் நீக்கக்கூடாது, நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று குழு எழுதியது. பத்து நாள் கழித்து நஜ்வாவுக்கு முதல் ஊசி. டாக்டர் தினேஷே போட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். நஜ்வா கரோலினைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்து, அக்காவிடம் கற்ற தமிழில், “வலிக்கி. ரொம்ப வலிக்கி,” என்றாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் என்று நஜ்வா காத்திருக்கவுமில்லை. பேண்டேஜ் ஒட்டியதும் எழுந்து போய்விட்டாள்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பே நீக்கிய ஒன்பது பேரில் ஐந்து பேர் புனேயில் இருந்தார்கள். அவர்களுக்கு ஊசி கிடைத்தது. நான்கு பேர், இனி இங்கே நமக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மார்ச் முடியும்வரை அவர்கள் இடத்தை வைத்திருப்பதாக ஆஸ்பத்திரி சொன்னது. கரோலினுக்கு மார்ச்சோடு வேலை போயிற்று. ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. கடைசி நாள்வரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நான்கு எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் எடுத்தார், சூடானின் கார்ட்டூமிலிருந்து. சண்டை ஓய்ந்து விமானம் ஓடும்போது வருகிறேன் என்றார். இன்னொருவரின் மகள் எடுத்தாள்; அம்மாவின் கை இப்போது மூடவே மாட்டேன் என்கிறது, இனி எதற்கு என்றாள். மற்ற இரண்டு எண்களும் ஒலித்துக்கொண்டே இருந்தன. அந்த இரண்டு பேரும் தங்களைப் பொய்க்காரர்கள் என்று யாரோ சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அது பொய் என்ற சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் நோய் வாசல்படி ஏறாதிருக்கட்டும். ஏறினாலும் தங்காமல் போகட்டும். உங்கள் பிள்ளைகளின் கை பிசைந்த மாவில் உங்களுக்கு நெடுநாள் ரொட்டி கிடைக்கட்டும். மாடியிலும் பக்கத்திலும் குணமுள்ள மனுஷர் அமையட்டும். நீங்கள் சொல்வதை முழுசாகக் கேட்கிறவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கட்டும்.